அந்த எக்ஸ்ட்ரா பீக்கை அழிச்சிடலாமா?



மாட்டுத்தாவணியில ராத்திரி ஒன்பது மணிக்கு மேலூர் பஸ்ஸுக்காக நின்ன அனுபவம் இருக்கா? 'மேலூர் மேலூர் மேலூர்...' என்று மூச்சு விடாமல் கூவும் குரல் ஒரு பக்கம். காத்து இப்படி அடிச்சா பூ மார்க்கெட் மல்லிகை வாசம், அப்படி அடிச்சா டீசல் வாசம். நடுவுல பருத்திப்பால் டம்ளரோட நாம!

போன வருஷம் மார்ச் மாசம் அப்படி ஒரு ராத்திரியில்தான் அந்தத் தங்கச்சியைப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருஷம். இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு மெயில் போட்டிருந்தாங்க. "பதினஞ்சு நிமிஷம் போதும்ணே, பஸ் வர்றதுக்குள்ள கேட்டுக்கிறேன்" என்றவர், டிபன் பாக்ஸ் துருத்திக்கிட்டு இருந்த பையிலிருந்து ஒரு ஃபைலை உருவி, அதிலிருந்து ஒரு கிராஃப் தாளை எடுத்து நீட்டினாங்க.

விஷயம் இதுதான். புராஜெக்டுக்காக, லேசர் வசதி இருக்கிற ஒரு பெரிய லேபில் ஒரு வாரம் அனுமதி வாங்கியிருக்காங்க. கண்ணாடி பீக்கரில் தண்ணி, அடியில் ஒரு காப்பர் தகடு, மேலேயிருந்து லேசர். தண்ணியில் காப்பர் நானோ துகள் வந்து மிதக்கும். அதைக் கண்ணாடிச் சில்லில் சொட்டுச் சொட்டா விட்டுக் காயவெச்சு எக்ஸ்.ஆர்.டி. எடுத்தாச்சு. காப்பர்னா 43, 50, 74 டிகிரி பக்கத்தில் மூணு பீக் வரணும். வந்திருக்கு. ஆனா 36.4 டிகிரியில், யாரும் கூப்பிடாமலேயே நாலாவதா ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு!

"தலைப்பு 'தூய காப்பர் நானோ துகள்கள்'னு கொடுத்தாச்சுண்ணே. புராஜெக்ட் பண்ணித் தர்ற கடையில கேட்டா, 'அதை சாஃப்ட்வேர்ல தேய்ச்சு விட்டுடலாம், யாருக்கும் தெரியாது'ங்கிறாங்க. சீனியர் அக்காவும் அதையேதான் சொல்றாங்க. அழிச்சிடலாமாண்ணே?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. வைவாவுக்கு இன்னும் மூணு வாரம். லேப் அனுமதி முடிஞ்சு போச்சு. திரும்பப் பண்ண வழி இல்லை. நானும் உடனே 'கூடாது'னு உபதேசம் பண்ணலை. முதல்ல அந்த லேசர் தண்ணிக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு பார்ப்போம்னு சொன்னேன். நீங்களும் வாங்க.

டிபன் பாக்ஸில் இருக்கு இயற்பியல்!

அவங்க பையில் இருந்த டிபன் பாக்ஸை வெளியே எடுக்கச் சொன்னேன். மூடியில் அவங்க அம்மா பேர், புள்ளி புள்ளியா. கல்யாணச் சீர்ல வந்த பாத்திரம். அந்தக் காலத்தில் பாத்திரக் கடையில் உட்கார்ந்து, 'டிர்ர்ர்...'னு அதிரும் ஊசியால் பேர் வெட்டுவாங்க. இப்போ பல ஊர்களில் அந்த வேலையை லேசர் மெஷின் பண்ணுது. ஊசி இல்லை, தொடுறது இல்லை. சின்னச் சின்னப் பொறி, லேசா ஒரு புகை, பேர் ரெடி.

அந்தப் புகை எங்கிருந்து வந்துச்சு? பாத்திரத்தோட எவர்சில்வர்தான் ஆவியாகி மேலே போகுது! லேசர் ஒளி ஒரு நொடியில் ரொம்ப ரொம்பச் சின்ன பங்கு நேரம் மட்டும் விழுந்து, மேல்தோலை அப்படியே பிய்த்து எறியுது. இதுக்குத்தான் லேசர் அப்ளேஷன்னு பேர். விட்டு விட்டுத் துடிப்பு துடிப்பா அடிப்பதால் 'பல்ஸ்டு' லேசர் அப்ளேஷன்.

ஒரு கணக்குப் போடலாமா? லேபில் இருக்கிற ஒரு சாதாரண துடிப்பு லேசர், ஒரு துடிப்புக்கு 100 மில்லிஜூல் ஆற்றல் கொடுக்குதுன்னு வெச்சுக்குங்க. விநாடிக்கு 10 துடிப்பு. அப்போ சராசரித் திறன் எவ்வளவு? வெறும் 1 வாட்! பூஜை ரூம்ல எரியுற ஜீரோ வாட் பல்பைவிடக் கம்மி. ஆனா அந்த 100 மில்லிஜூலும் 10 நானோ செகண்டுக்குள்ள கொட்டித் தீர்ந்துடுது. 0.1 ஜூலை 0.00000001 விநாடியால் வகுத்துப் பாருங்க. ஒரு கோடி வாட்! அந்த 10 நானோ செகண்டில் ஒளியே 3 மீட்டர்தான் போகும். டிரைவர் சீட்டில் கிளம்பினா பஸ்ஸில் பாதிகூடத் தாண்டாது.

ஒரு கோடி வாட்டை மிளகு அளவைவிடச் சின்ன இடத்தில் குவிச்சா அந்த இடம் நிதானமா உருகி, நிதானமா கொதிக்கறதுக்கு நேரம் ஏது? அணு, அயனி, எலக்ட்ரான் எல்லாம் கலந்த பிளாஸ்மாவா பிய்ச்சுக்கிட்டுக் கிளம்பும். வெற்றிடத்தில் அதோட வேகம் விநாடிக்கு 10 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அந்த வேகத்தில் போனா மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு மூணே செகண்டு!

"நம்ம பஸ் நாற்பது நிமிஷம் எடுக்குமேண்ணே" என்று சிரிச்சாங்க. அப்பாடா, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

ஒரே பொறி, மூணு பார்வை

இப்போ முக்கியமான விஷயம். பேர் வெட்டுறவர் எதைப் பார்க்கிறார்? பாத்திரத்தில் விழுந்த எழுத்தை. புகை அவருக்குக் குப்பை. ஆனா அதே பொறியை வேற ரெண்டு இடத்திலேயும் பார்க்கலாம்.

ஒண்ணு, கிளம்பிப் போன ஆவி எதிரே இருக்கிற ஒரு தகட்டில் போய் ஒட்டினா? அதுதான் மென்படலம். ரெண்டு, சுத்தி இருக்கிற தண்ணியில் மாட்டிக்கிட்டு சட்டுன்னு குளிர்ந்து உறைஞ்சா? அதுதான் நானோ துகள். ஒரே பொறி. நாம எதைக் குப்பைன்னு தள்ளுறோம், எதை எடுத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே.

லேசரை முதன்முதலா இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன், 1960-ல், ரூபி கல்லை வெச்சு. அடுத்த அஞ்சே வருஷத்தில், 1965-ல் ஸ்மித், டர்னர் என்ற ரெண்டு பேர் அதே வகை ரூபி லேசரால் பொருட்களை ஆவியாக்கி மென்படலம் எடுத்துக் காட்டிட்டாங்க. அப்புறம்? இருபது வருஷத்துக்கு மேல பெரிசா யாரும் கண்டுக்கலை. படலத்தில் பொட்டுப் பொட்டா துளி தெறிக்குது, ஓரத்தில் ஒரு கனம், நடுவில் ஒரு கனம், சின்ன இடத்துலதான் வருது... குறை சொல்ல ஆயிரம் இருந்துச்சு. அந்தக் குறைகள் பொய்யும் இல்லை.

அந்த முறையைத் தட்டி எழுப்பியது 1987. அந்த ஒரே வருஷத்தில் நம்ம கதைக்கு ரெண்டு கட்டுரை இருக்கு. ஒண்ணு அமெரிக்காவில், ஒண்ணு நம்ம புனேயில்.

பஸ் காலியாகும் விதம்

1987 தொடக்கத்தில் உலகமே ஒரு கறுப்பு வில்லையைச் சுத்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. இட்ரியம் ஒரு பங்கு, பேரியம் ரெண்டு பங்கு, காப்பர் மூணு பங்கு, கூட ஆக்சிஜன். இந்தக் கலவை சுமார் 93 கெல்வினிலேயே மின்தடை இல்லாத மீக்கடத்தி ஆயிடுது. அதில் என்ன பெரிசு? திரவ நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதுவரைக்கும் விலை உயர்ந்த திரவ ஹீலியம் இல்லாம மீக்கடத்தி இல்லைங்கிற நிலைமை. இனிமே நைட்ரஜன் போதும்!

ஆனா கருவி செய்யணும்னா வில்லை பத்தாது, மென்படலம் வேணும். சிக்கல் அங்கேதான். கலவையைச் சாதாரணமா சூடாக்கி ஆவியாக்கினா என்ன ஆகும்? எதிரே பிளாட்ஃபாரத்தில் நின்ன பஸ்ஸைத்தான் உதாரணம் காட்டினேன். பஸ் வந்து நின்னதும் யார் முதல்ல இறங்குறாங்க? கையை வீசிக்கிட்டு வந்த காலேஜ் பசங்க. அப்புறம் குடும்பம். கடைசியா, மூட்டையோட வந்த அப்பத்தா. இறங்கும் வரிசையைப் பார்த்து உள்ளே எத்தனை பங்கு யார் இருந்தாங்கன்னு சொல்ல முடியுமா? அதே மாதிரிதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு ஆவியாகும் குணம். சீக்கிரம் கிளம்புறது முதல்ல போய் ஒட்டும். 1:2:3 கணக்கு காலி!

லேசர் துடிப்பு வந்தா கதையே வேற. யாருக்கும் வரிசையில் நிற்க நேரம் இல்லை. பசங்க, குடும்பம், அப்பத்தா, மூட்டை எல்லாம் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியா வெளியே! உள்ளே என்ன விகிதமோ கிட்டத்தட்ட அதே விகிதம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். 1965-லிருந்து தூங்கிக்கிட்டு இருந்த முறைக்கு இதுதான் வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

அதைச் செஞ்சு காட்டியது அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகமும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒரு குழு. கட்டுரையின் முதல் பெயர் டைக்காம்ப். அடுத்த பெயரைப் பார்த்தா நிமிர்ந்து உட்காருவீங்க: டி.வெங்கடேசன்! இங்கே ஐ.ஐ.டி.யில் இயற்பியல் படிச்சுட்டு அமெரிக்கா போனவர். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முன்வரிசைக்காரர். பிற்பாடு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதே துறையில் பெரிய குழுக்களை நடத்தினார்.

அந்த 1987 ஆகஸ்ட் கட்டுரையில் எனக்குப் பிடிச்சது வேற ஒரு விஷயம். அவங்க ரெண்டு விதமான அடித்தளத்தில் படலம் எடுத்தாங்க. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல எடுத்தது 85 கெல்வினில் மின்தடை பூஜ்யம் ஆச்சு. பிரமாதம். அலுமினா மேல எடுத்தது 75 கெல்வினில்தான் பூஜ்யம் ஆச்சு. 75-ங்கிறது 77-க்குக் கீழே. அதாவது திரவ நைட்ரஜனில் முக்கினாகூட மின்தடை முழுசாப் போகாது! உலகமே போட்டி போட்டுக்கிட்டு இருந்த நேரத்தில், 85-ஐ மட்டும் எழுதிட்டு 75-ஐ மறைச்சிருக்கலாம். மறைக்கலை. கட்டுரைச் சுருக்கத்திலேயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. படலத்தின் கலவை வில்லையோடது 'அதேதான்'னு அடிச்சு விடலை. 'நெருக்கமா இருக்கு'ன்னுதான் எழுதினாங்க.

அதனால என்ன லாபம்? ஒரே வில்லை, ஒரே லேசர், அடித்தளம் மாறினா பத்து கெல்வின் இறங்குது. அப்போ படலத்தின் தலையெழுத்தில் அடித்தளத்துக்கும் பங்கு இருக்குன்னு படிக்கிற எல்லாருக்கும் புரிஞ்சிடுது. அந்த 75 ஒரு தோல்வி இல்லை, ஒரு தகவல்!

இன்னைக்கு இந்த முறையில் படலம் எடுக்கிற லேபுக்குள்ள போனா இப்படி இருக்கும்: எவர்சில்வர் குடம் மாதிரி ஒரு வெற்றிடக் கலம். உள்ளே சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு வில்லை. ஒரே இடத்தில் அடிச்சா குழி விழுமே, அதனாலதான் சுத்துறது. எதிரே 600, 700 டிகிரிக்குச் சூடாக்கின அடித்தளம். ஜன்னல் வழியா 248 நானோமீட்டர் அலைநீள புற ஊதா லேசர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தீக்கொழுந்து 'பளிச்'சுன்னு எழும்பி அடங்கும். ஒரு துடிப்புக்கு 0.05 நானோமீட்டர் வளருதுன்னா, 100 நானோமீட்டர் படலத்துக்கு 2,000 துடிப்பு. விநாடிக்கு 5 துடிப்புன்னா ஏழு நிமிஷத்துக்குள்ள வேலை முடிஞ்சது.

அந்தப் பழைய குறைகள்? இன்னும் முழுசாப் போகலை. ஆனாலும் ஜப்பானில் இதே முறையில் நூத்துக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு மீக்கடத்தி நாடா தயாரிக்கிறாங்க. 2004-ல் ஓட்டோமோ, ஹ்வாங் என்ற இருவர், மின்சாரமே கடத்தாத ரெண்டு ஆக்சைடுகளை இதே முறையில் ஒண்ணுமேல ஒண்ணு வளர்த்தா, நடுவில் இருக்கிற எல்லையில் மட்டும் மின்சாரம் ஓடுதுன்னு காட்டி எல்லாரையும் திகைக்க வெச்சாங்க. தூங்கிக்கிட்டு இருந்த முறைக்கு இது போதாதா!

புனேயில் ஒரு இரும்புத் துண்டு

சரி, தண்ணிக்குள்ள நடக்கிற கதைக்கு வருவோம். அதுதானே நம்ம தங்கச்சியோட பிரச்னை!

பெல்கோர் கட்டுரைக்கு ஏழு மாசம் முன்னாடி, 1987 ஜனவரியில், இயற்பியல் உலகம் ரொம்ப மதிக்கிற 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் புனே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்துச்சு. பாட்டீல் முதல் பெயர். கூட எஸ்.பி.ஓகலே, வி.ஜி.பிடே உள்ளிட்டவங்க. அவங்க பண்ணினது என்ன தெரியுமா? தண்ணிக்கு அடியில் இரும்பை வெச்சு ரூபி லேசர் துடிப்பை விட்டாங்க. அவ்வளவுதான்!

அவங்க நானோ துகள் தேடலை. அந்தப் பொறி அடிச்ச இரும்பு மேல்பரப்பில் என்ன மிச்சம் இருக்குன்னுதான் பார்த்தாங்க. பல ஆயிரம் டிகிரிக்குப் போன இரும்பு, பக்கத்திலேயே இருக்கிற தண்ணியால் அடுத்த கணமே குளிருது. அந்த அவசரத்தில் தண்ணியிலிருந்து ஆக்சிஜனையும் பிடிச்சுக்குது. நிதானமா சூடாக்கி நிதானமா ஆறவெச்சா கிடைக்காத, அரைகுறை நிலையிலேயே உறைஞ்சு நிக்கிற இரும்பு ஆக்சைடு அங்கே உருவாகியிருந்தது. சூடான தோசைக்கல்லில் தண்ணி தெளிச்சா 'சொய்ங்'குனு ஒரு சத்தம் வருமே, அதைக் கோடி மடங்கு வேகமா கற்பனை பண்ணிக்குங்க. திரவத்துக்குள்ள லேசர் அடிச்சுப் புதுப் பொருள் செய்யும் துறைக்கு ஆரம்பப்புள்ளின்னு உலகம் முழுக்க இன்னைக்குக் காட்டுற கட்டுரை அது.

1993-ல் வேற சிலர் அதே மாதிரி ஏற்பாட்டில் பார்வையை மட்டும் திருப்பினாங்க. அமெரிக்காவில் நெடர்சன், சுமனோவ், காட்டன் குழு உலோகத்தை விட்டுட்டு, அதைச் சுத்தி இருந்த தண்ணியைப் பார்த்தாங்க. தண்ணி நிறம் மாறியிருந்தது. அதில் மிதந்தது உலோக நானோ துகள்! தங்கம்னா செக்கச் சிவப்பு, வெள்ளின்னா மஞ்சள். வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே கூழ்மம் ரெடி. பெர்லினில் ஃபோய்டிக், ஹெங்க்லைன் என்பவர்களும் அதே வருஷம் இதே பாதையில் வந்தாங்க. அப்போ லேபில் கிடைச்சது கொஞ்சமே கொஞ்சம். 2016-ல் ஜெர்மனியில் ஒரு குழு, 500 வாட் லேசரை வெச்சு மணிக்கு 4 கிராம் வரைக்கும் எடுத்துட்டாங்க.

"இப்போ சொல்லுங்க தங்கச்சி, தண்ணிக்குள்ள இரும்பு ஆக்சைடு ஆச்சு. காப்பர் என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவங்களே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாங்க. "36.4... குப்ரஸ் ஆக்சைடா இருக்குமாண்ணே?"

குப்ரஸ் ஆக்சைடோட முக்கியமான பீக் அங்கேதான் வரும்! அவங்க அழிக்க நினைச்சது பிழையை இல்லை. தண்ணி அந்தக் காப்பரை என்ன பண்ணுச்சுங்கிற பதிலை. புனேயில் ஒரு பெரிய இதழ் வரைக்கும் போன அதே வகைக் கேள்வி, மேலூர்ப் பக்கத்துப் பொண்ணு கையில் ஐந்நூறு ரூபாய்க்கு அழியக் காத்திருந்துச்சு.

அப்போ அந்த பீக்கை என்ன பண்றது?

இது அவங்களுக்கு மட்டும் இல்லை. டெஸ்க்டாப்பில் 'ஃபைனல் கிராஃப் 7'னு ஃபைல் வெச்சிருக்கிற எல்லாருக்கும்தான்.

முதல்ல, காலிக் கண்ணாடிச் சில்லுக்கு மட்டும் ஒரு எக்ஸ்.ஆர்.டி. எடுங்க. கண்ணாடியில் அகலமா ஒரு மேடுதான் வரும், கூர்மையான பீக் வராது. அப்போ 36.4 சில்லோடது இல்லைன்னு நிரூபணம் ஆச்சு. அப்புறம் லேசர் அடிக்காத காப்பர் தகட்டுக்கு ஒண்ணு எடுங்க. தகட்டிலேயே அந்த பீக் இருந்தா கதை வேற.

அடுத்து, ஆக்சைடு எப்போ உருவாச்சுன்னு கேளுங்க. பொறி வந்த அந்தக் கணத்திலா, அப்புறம் பாட்டிலில் இருந்தப்போவா, இல்லை சில்லில் காயும்போது காத்து பட்டா? புதுசா எடுத்த கூழ்மத்தையும் நாலு நாள் கழிச்ச கூழ்மத்தையும் தனித்தனியா காயவெச்சு ஒப்பிட்டா ஓரளவு புரியும். 36.4 வளர்ந்து 43.3 தேய்ஞ்சிருந்தா, பாட்டிலுக்குள்ளேயும் வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கையில் மிச்சக் கூழ்மம் இருந்தா, இதுக்கு லேசரே வேணாம்!

அப்புறம், கிராஃபின் பின்னணியைக் கழிக்கறது வேற, பீக்கை அழிக்கறது வேற. முன்னதைச் செஞ்சா 'செஞ்சேன்'னு எழுதிட்டுச் செய்யலாம். பின்னதை எழுதிட்டுச் செய்ய முடியுமா? எழுத முடியாத எதையும் கிராஃபில் செய்யாதீங்க. ரூல் அவ்வளவுதான்.

கடைசியா, தலைப்பு. 'தூய'ங்கிற ஒரு வார்த்தையை எடுத்துட்டு, 'தண்ணீரில் லேசர் அப்ளேஷன் மூலம் காப்பர் மற்றும் காப்பர் ஆக்சைடு நானோ துகள்கள்'னு போட்டா போச்சு. கைடு திட்டுவாரா? கிராஃபோடவும் காரணத்தோடவும் போய் நில்லுங்க. பெரும்பாலான கைடுகள் காரணத்தை மதிக்கிறவங்கதான்.

லேசர் எங்கே கிடைக்கும்?

'எங்க காலேஜ்ல பாதரச விளக்குக்கே வழியில்லை'ன்னு நீங்க முனகுறது கேட்குது. உண்மைதான். படலம் எடுக்கிற முழு ஏற்பாடு நம்ம காலேஜ் பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. ஆனா வழியே இல்லைன்னு சொல்லாதீங்க. பல்கலைக்கழகத்துக்காரங்க விண்ணப்பிச்சுப் பயன்படுத்தறதுக்குன்னே யு.ஜி.சி. - டி.ஏ.இ. அறிவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு இருக்கு. அதோட இந்தூர் மையத்தில் துடிப்பு லேசர் படல வசதி உண்டு. புனே கட்டுரையில் பெயர் இருக்கிற ஒருத்தரே பிற்பாடு அங்கே விஞ்ஞானியா இருந்தவர்! நம்ம பக்கம் சென்னை ஐ.ஐ.டி.யிலும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்தத் துறையில் வேலை செஞ்சவங்க இருக்காங்க. மூணு தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கொடுக்கிற கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கு. அறிவிப்பு வருதான்னு கண்ணை வெச்சுக்குங்க. கைடு கையெழுத்தோட ஒரு ஒழுங்கான கடிதம் எழுதிப் பாருங்க. என்ன கேள்விக்குப் பதில் தேடுறீங்கன்னு ஒரு வரியில் சொல்லத் தெரிஞ்சவங்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. லேபில் அதிகம் புழங்குற 1,064 நானோமீட்டர் லேசர் கண்ணுக்கே தெரியாது. தெரியலைங்கிறதாலேயே கண்ணை மூடவும் தோணாது. ஒரு துடிப்பு விழித்திரையில் பட்டா, போன பார்வை திரும்பாது. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போடாம அறைக்குள்ள போகாதீங்க. சாதா கூலிங் கிளாஸ் உதவாது. மோதிரம், வாட்ச் எதுவும் கையில் வேணாம், ஒளி பட்டுத் தெறிக்கும். தண்ணிக்குப் பதில் அசிட்டோன் மாதிரி திரவத்தில் செஞ்சா ஆக்சைடு குறையும்தான். ஆனா அது தீப்பிடிக்கிற சரக்கு. தெரிஞ்சவங்க பக்கத்தில் இல்லாம தொடவே கூடாது. பேர் வெட்டுற கடையில் போய் 'அண்ணே, தண்ணிக்குள்ள அடிச்சுத் தாங்க'ன்னும் ஆரம்பிச்சுடாதீங்க!

பஸ் வந்துடுச்சு!

பதினஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சது முக்கால் மணி நேரம் ஓடி, மூணு பஸ்ஸைத் தவறவிட்டாச்சு. நாலாவது பஸ்ஸில் ஏறினப்போகூட அவங்க முகத்தில் முழுத் தெளிவு இல்லை. "அழிச்சா ஈஸியா முடிஞ்சிருக்கும்ல?" என்று படிக்கட்டில் நின்னு கேட்டாங்க. "முடிஞ்சிருக்கும்"னுதான் சொன்னேன். அது பொய் இல்லையே.

ஏப்ரல் கடைசியில் மெயில் வந்துச்சு. காலிச் சில்லுக்கும், மிச்சம் இருந்த பழைய கூழ்மத்துக்கும் எப்படியோ எக்ஸ்.ஆர்.டி. எடுத்துட்டாங்க. பழசில் 36.4 நல்லா வளர்ந்திருந்ததாம். ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, தலைப்பை மாத்தி, கைடுகிட்ட ஒரு நாள் திட்டும் வாங்கி, கடைசியில் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நேரா அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினாராம். "இந்த 36 என்னம்மா?" பதில் சொன்னாங்க. "சரி, தண்ணி இல்லாம வேற திரவத்தில் பண்ணினா இது போயிடுமா?" அதுக்கு, "தெரியலை சார். பண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கலை."

மார்க் ஆஹா ஓஹோ இல்லை. கிளாஸில் நாலாவதோ அஞ்சாவதோ. ஆனா மெயிலோட கடைசி வரியை அப்படியே தர்றேன்: "அண்ணே, அந்த வேற திரவம் விஷயத்தைப் பண்ணிப் பார்க்க எங்க அப்ளிகேஷன் போடலாம்?"

இந்த வாரம் உங்க டேபிளில் கிடக்கிற கிராஃபை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. யாரும் கூப்பிடாம வந்து உட்கார்ந்திருக்கிற ஒண்ணு அதிலும் இருக்கலாம். விரட்டுறதுக்கு முன்னாடி, யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு எனக்கும் எழுதுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!